தலைக்கு அளவெடுக்காமல் விற்கிற சாமான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நம் பேப்பரில் விஆர் ஹெட்செட் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். வீட்டில் டிவியோடு சேர்த்து ஆடுகிற வீடியோ கேம் பெட்டிக்குத் துணையாக, ஆட்டத்துக்கு உள்ளேயே நிற்கிற மாதிரி காட்டுவதற்குக் கண்ணை மூடித் தலையில் மாட்டிக்கொள்வார்களே, அதுதான். திரை கண்ணுக்கு இரண்டங்குலத்தில் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கண் போய்விடும் என்று எழுதியிருந்தது. திங்கட்கிழமை கடையைத் திறந்து பொருத்தி வைத்த ஊதுபத்தி பாதிகூட எரியவில்லை, ஒரு அம்மா பையனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். "அண்ணாச்சி, இவன் அந்த மூடிய மாட்டிக்கிட்டு மணிக்கணக்கா ஆடுதான், பவர் ஏறியிருக்கான்னு பாத்துச் சொல்லுங்க." பையன் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு மத்தியானத்துக்குள் இதே கேள்வியோடு இன்னும் மூன்று பேர்.

நான் பாளையங்கோட்டையில் முப்பது வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். டாக்டர் இல்லை, டாக்டர் எழுதித் தருகிற சீட்டுக்கு லென்ஸ் வெட்டி பிரேமில் மாட்டிக் கொடுக்கிறவன். அந்த ஹெட்செட்டில் இருப்பதும் லென்ஸ்தான் என்பதால் இதில் இரண்டு வார்த்தை சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன். போதாததற்கு, துபாயில் இருக்கிற மருமகன் போன லீவுக்கு வந்தபோது சோனி பிளேஸ்டேஷன் 5 என்கிற கேம் பெட்டி ஒன்றும், அதற்கான விஆர்2 ஹெட்செட் ஒன்றும் கொண்டுவந்து எங்கள் வீட்டுப் பட்டாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆக, கேள்விப்பட்டு எழுதவில்லை, மாட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த இரண்டங்குலக் கதை. திரை கிட்டே இருப்பது நிஜம்தான், ஆனால் கண் அதைக் கிட்டே பார்ப்பதில்லை. நடுவில் ஒரு லென்ஸ் இருக்கிறது. திரையைத் தள்ளிக்கொண்டுபோய்ச் சில அடிக்கு அப்பால் வைத்த மாதிரி காட்டுவதுதான் அந்த லென்ஸுக்கு வேலையே. அது இல்லையென்றால் உள்ளங்கையை மூக்கோடு ஒட்டிவைத்து ரேகை பார்க்கிற கதைதான். எனக்கு வெள்ளெழுத்து, கண்ணாடி இல்லாவிட்டால் உங்கள் பேப்பரில் கொட்டை எழுத்துத் தலைப்பு மட்டும்தான் தெரியும். அந்த ஹெட்செட்டை வெறுங்கண்ணோடு மாட்டினேன், உள்ளே எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. தூரத்துக்கு மைனஸ் பவர் போடுகிற என் மகள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மாட்டினாள், "எல்லாம் கலங்கலா தெரியுதேப்பா" என்றாள். கண் உண்மையிலேயே இரண்டங்குலத்தில் பார்க்கிறது என்றால் என் மகளுக்குத் தெரிந்து, எனக்கல்லவா கலங்கியிருக்க வேண்டும்?

அதற்காக ஒன்றுமே செய்யாது என்று சொல்ல வரவில்லை. ஒரு பொருள் கிட்டே வந்தால் நம் இரண்டு கண்ணும் மூக்கைப் பார்த்து உள்ளே திரும்பும், அதே நேரம் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸும் தன் பவரை மாற்றிக்கொள்ளும். இரண்டும் குழந்தையிலிருந்தே ஜோடியாகப் பழகியவை. ஹெட்செட்டுக்குள்ளே ஒரு பந்து முகத்துக்கு நேரே வரும்போது கண் திரும்பத்தான் செய்கிறது, ஆனால் படம் நிற்கிற தூரம் மாறாததால் கண் லென்ஸ் பழைய இடத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது. வண்டியில் பூட்டிய மாட்டில் ஒன்று நடக்கிறது, ஒன்று நிற்கிறது. கண் அசதியும் தலைவலியும் வருவதற்கு இந்த இழுபறி ஒரு முக்கியமான காரணம். கண் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற பிள்ளைகளிடம் இதைக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று சோனியே சொல்லியிருக்கிறது. உங்கள் அரைப் பக்கத்தில் இந்த 12 என்கிற எண் ஒரு இடத்தில்கூட இல்லை. பயமுறுத்த இவ்வளவு இடம் இருந்தது, இதற்கு ஒரு வரி இல்லை. அதுதான் எனக்கு முதல் வருத்தம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். இது டிவி மாதிரி கடையில் தூரத்தில் நின்று பார்த்து, விலை பேசி, ஆட்டோவில் ஏற்றிவிடுகிற சாமான் இல்லை. செருப்பு மாதிரி, கண்ணாடி மாதிரி, மாட்டிப் பார்த்து வாங்க வேண்டியது. நம் ஊரில் யாரும் மாட்டிப் பார்க்க விடுவதில்லை. பெட்டியைப் பிரிக்கவே விடுவதில்லை.

ஏன் மாட்டிப் பார்க்க வேண்டும்? என் கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியும், டாக்டர் சீட்டு எவ்வளவு சரியாக இருந்தாலும் நான் முதலில் ஸ்கேலை எடுத்து மூக்குக்கு மேலே வைப்பேன். ஒரு கருவிழியின் நடுவிலிருந்து அடுத்த கருவிழியின் நடு வரைக்கும் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்துச் சீட்டில் எழுதுவேன், எங்கள் தொழிலில் பி.டி. என்போம். பெரியவர்களுக்குச் சராசரியாக 63 வரும். சின்னப் பிள்ளைகளுக்கு ஐம்பதுகளில்தான் இருக்கும். லென்ஸின் மையம் கருவிழிக்கு நேரே வராவிட்டால் எவ்வளவு உசத்தி லென்ஸாக இருந்தாலும் தலை வலிக்கும், "இந்தக் கண்ணாடி எனக்குச் சேரல அண்ணாச்சி" என்று மூன்றாம் நாள் திரும்பி வந்துவிடுவார்கள். ஹெட்செட்டுக்கும் அதே நியாயம்தான், இன்னும் ஒரு படி கறாராக. விஆர்2-வில் போட்டிருப்பது ஃப்ரெனல் லென்ஸ், வட்ட வட்டமாக வரி விழுந்த மாதிரி இருக்கும். கலங்கரை விளக்கத்துக்காக 200 வருஷத்துக்கு முந்தி பிரான்ஸில் ஒருத்தர் கண்டுபிடித்த ஏற்பாடு, கண்ணாடியின் கனத்தையும் பாரத்தையும் குறைக்கிறதற்கு. அதில் நடுவில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் படம் கூர்மையாக இருக்கும். கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் ஓரமெல்லாம் மசமசவென்று ஆகிவிடும்.

கம்பெனிக்காரன் இதைத் தெரிந்துதான் செய்திருக்கிறான். ஹெட்செட்டின் மேலே ஒரு திருகு இருக்கிறது, அதைத் திருப்பினால் லென்ஸ் இரண்டும் நெருங்கும், விலகும். உள்ளே இருக்கிற கேமரா நம் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்துத் திரையில் படமாகவே காட்டுகிறது, கண் லென்ஸுக்கு நேரே வருகிற வரைக்கும் திருகிக்கொள்ள வேண்டியதுதான். என் ஸ்கேல் செய்கிற வேலையை அது தானே செய்கிறது. மூடியை முன்னால் தள்ளி மூக்குக்கண்ணாடிக்கும் இடம் பண்ணிக்கொள்ளலாம். (தள்ளுங்கள், இல்லாவிட்டால் உங்கள் கண்ணாடியும் அந்த லென்ஸும் உரசி இரண்டிலும் கீறல் விழும். ஹெட்செட் லென்ஸில் விழுந்த கீறலுக்கு என்னிடம் மருந்து கிடையாது.) எங்கள் வீட்டில் ஆறு பேர் மாட்டினார்கள், ஆறு பேருக்கும் ஆறு அளவு. மருமகன் அளவில் வைத்ததை அப்படியே மாட்டிக்கொண்ட என் தம்பி மகன் ஐந்தே நிமிஷத்தில் "கிறுகிறுன்னு வருது பெரியப்பா" என்று உட்கார்ந்துவிட்டான். திருகைக் கொஞ்சம் உள்ளே திருப்பி, பின்பட்டையை இறக்கி மாட்டிவிட்டேன், அரை மணி நேரம் ஆடினான்.

எல்லாக் கிறுகிறுப்பும் திருகில் போய்விடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அம்பாசமுத்திரத்திலிருந்து மாஞ்சோலை பஸ்ஸில் ஏறியவர்களுக்குத் தெரியும், மணிமுத்தாறு தாண்டி வளைவு ஏற ஏற, குனிந்து புத்தகம் படிக்கிறவன்தான் முதலில் ஜன்னல் பக்கம் தாவுவான். காதுக்குள்ளே இருக்கிற சமநிலை உறுப்பு "போகிறோம், திரும்புகிறோம்" என்கிறது, புத்தகத்தைப் பார்க்கிற கண் "எங்கே போகிறோம், சும்மாதானே இருக்கிறோம்" என்கிறது, வயிறு நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஹெட்செட்டில் இது தலைகீழ். கண் 200 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டுகிறது, உடம்பு பட்டாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. கிரான் டூரிஸ்மோ 7 என்று ஒரு கார்ப் பந்தய ஆட்டம், அதை முழுக்க ஹெட்செட்டுக்குள்ளேயே ஓட்டலாம். மருமகன் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு எழுந்து காபி கேட்கிறார், மகள் இரண்டாவது வளைவில் கழற்றி எறிந்துவிட்டு எலுமிச்சம்பழத்தைத் தேடுகிறாள். ஒரே வீடு, ஒரே ஆட்டம். யாருக்குச் சேரும், யாருக்குச் சேராது என்று முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் சொல்கிறேன், வாங்குவதற்கு முன்னால் பத்து நிமிஷம் மாட்டிப் பார்க்க வேண்டும். கிறுகிறுப்பு ஆரம்பித்தால் அந்த நிமிஷமே கழற்றிவிட வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டு பழகிவிடலாம் என்று தொடர்ந்தால் அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் எங்கள் தெருவில் இருக்கிற ஒரு தம்பி. அவர் ஹெட்செட் வாங்கிய கடையின் பெயர் சொல்லப் போவதில்லை, தம்பி பெயரும் வேண்டாம். இந்தியாவில் விஆர்2 வந்தபோது அதன் விலை 57,999 ரூபாய். பிளேஸ்டேஷன் 5 இங்கே 2021 பிப்ரவரியில் வந்தபோது 49,990. குதிரையைவிடச் சேணம் விலை கூட. (அமெரிக்காவில் இந்த ஹெட்செட் 2023 பிப்ரவரி 22 அன்று 550 டாலருக்கு வந்தது, இரண்டு வருஷம் கழித்து 400 டாலராக இறக்கினார்கள், அது வேறு கதை.) தம்பி தீபாவளி போனஸோடு சீட்டுப் பணத்தையும் சேர்த்துப்போட்டு வாங்கினார். கூடவே கடைக்காரர் "ஆஃபர்ல போகுது, சும்மா குடுக்கிற மாதிரி" என்று நாலு டிஸ்க்கையும் தலையில் கட்டியிருக்கிறார். நாலும் 2016-இல் வந்த பழைய ஹெட்செட்டுக்கு உண்டான டிஸ்க். பழைய விஆர் ஆட்டங்கள் புதிய விஆர்2-வில் ஓடாது. சிலவற்றுக்குத் தனியாகப் புதிய பதிப்பு வந்திருக்கிறது, அப்படி வராதது வராததுதான். இது ரகசியம் ஒன்றும் இல்லை, ஆனால் கல்லாவில் இருந்தவர் வாயைத் திறக்கவில்லை. அதைவிடப் பெரிய கூத்து, தம்பி வாங்கியது எட்டு வயசு மகளுக்கு. "யாருக்கு வாங்குதீங்க, எத்தனை வயசு" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். மாட்டிப் பார்க்கலாமா என்று தம்பி கேட்டதற்கு, "சீல உடைச்சா உங்க சாமான், அப்புறம் திருப்பித் தரப்பிடாது" என்று பதில் வந்திருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சீலை உடைத்தார், பாப்பாவுக்கு மாட்டினார், பாப்பா "ரெண்டு ரெண்டா தெரியுதுப்பா" என்றது. சரி, நாமாவது ஆடுவோம் என்று அவர் மாட்டினால் அவருக்குக் குமட்டல். அந்த அறுபதாயிரம் இப்போது பீரோவுக்கு மேலே துணி போட்டு மூடிக் கிடக்கிறது.

நூறு ரூபாய்ச் செருப்புக்குக்கூட ஒரு காலாவது போட்டுப் பார்க்க விடுகிற ஊர் இது.

குறையாகவே சொல்லிக்கொண்டு போகிறேன் என்று நினைக்காதீர்கள், அந்தச் சாமான் மேல் எனக்குக் கோபம் இல்லை. உண்மையைச் சொன்னால் ஆசைதான். நீங்கள் இந்த வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணை அசைக்காமல் மூன்று வரி கீழே என்ன இருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள். முடியாது. நம் கண்ணில் நடுவில் ஒரு சின்னப் புள்ளியில்தான் கூர்மை, மற்றதெல்லாம் சுமார்தான், மூளை நிரவி விடுகிறது. அந்த ஹெட்செட் நாம் எங்கே பார்க்கிறோம் என்று கண்ணைத் தொடர்ந்து பார்த்து, அந்த இடத்தை மட்டும் துல்லியமாக வரைந்துவிட்டு, ஓரத்தை ஏனோதானோ என்று விட்டுவிடுகிறது. அப்படி மிச்சம் பிடித்த வேகத்தில்தான் ஒவ்வொரு கண்ணுக்கும் 2000-க்கு 2040 புள்ளி என்று படம் ஓட்ட முடிகிறது. முப்பது வருஷமாகக் கண்ணோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இதைப் பார்த்தால் சந்தோஷம் வருமா வராதா? ஆனித் திருவிழாப் பொருட்காட்சியில் பெட்டிக்குள் தலையை விட்டுப் படம் பார்த்த தலைமுறை நாங்கள். இரண்டு கண்ணுக்கு இரண்டு படம் என்கிற அதே சங்கதிதான், இப்போது தலையைத் திருப்பினால் படமும் திரும்புகிறது.

வீட்டில் மாட்டுகிறவர்களுக்கு இரண்டு மூன்று விஷயம். நின்று நடந்து ஆட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலி இடம் வேண்டும், நம் கணக்கில் ஆறரை அடிச் சதுரம். டவுன் பக்கத்து வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளம், அகலத்தில் ஆறரை அடி தேறுவது கஷ்டம். எங்கள் பட்டாசலில் ஊஞ்சலைக் கழற்றாமலே ஆடவிட்டோம். பையன் ஹெட்செட் உள்ளே காட்டுகிற எல்லைக் கோட்டுக்குள்தான் நின்றான், வாளை வீசிய கை கோட்டுக்கு வெளியே போய் ஊஞ்சல் சங்கிலியில் 'ணங்' என்று பட்டது. ஆச்சி முறுக்குத் தட்டோடு உள்ளே ஓடினவள்தான், அன்றைக்கு அப்புறம் பட்டாசல் பக்கம் வரவில்லை. எடை அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், 560 கிராம். நான் மாட்டிக் கொடுக்கிற கண்ணாடி 25 கிராம் வந்தாலே மூக்கில் தடம் விழுகிறது என்பார்கள். பாரத்தை நெற்றிப் பட்டை தாங்குகிறது என்றாலும், நம் ஊர் வெயிலில் அது நெற்றியில் ஒரு பொட்டலம் அல்வாவைக் கட்டிக்கொண்ட மாதிரிதான். வேர்த்து லென்ஸில் ஆவி படியும். நேரே ஒரு டேபிள் ஃபேனை வைத்துக்கொள்ளுங்கள், காற்று முகத்தில் படப் படக் குமட்டலும் கொஞ்சம் மட்டுப்படும். மெட்ராஸ் ஐ ஓடுகிற சீசனில் ஒருத்தர் மாட்டியதை இன்னொருத்தர் மாட்டவே வேண்டாம். பொருட்காட்சிகளில் பத்து நிமிஷத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு, துடைக்காமல் கொள்ளாமல் ஒரே மூடியை நூறு முகத்தில் மாட்டுகிறார்களே, அதைப் பற்றி நீங்கள் அரைப் பக்கம் எழுதியிருந்தால் நானே கடையில் வெட்டி ஒட்டியிருப்பேன்.

வெயில் சங்கதி ஒன்று இருக்கிறது, அதுதான் இங்கே முக்கியம். பள்ளிக்கூடத்தில் பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்துக் காகிதத்தைக் கருக்கியவர்கள்தானே நாம் எல்லோரும். ஹெட்செட்டின் லென்ஸும் பூதக்கண்ணாடிதான், அதற்கு நேர் பின்னால் திரை. நேர் வெயில் லென்ஸ் வழியாக உள்ளே விழுந்தால் திரை கருகிவிடும், எத்தனை நேரம் என்று கணக்குப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. சோனியின் கையேட்டிலும் வெயில் படக் கூடாது என்று போட்டிருக்கிறது, ஆனால் அந்தக் கையேட்டைப் பிரித்தது எங்கள் வீட்டில் நான் ஒருத்தன்தான், அதுவும் காரியம் முடிந்த பிறகு. ஒருநாள் சாயங்காலம் ஆடிவிட்டுத் தார்சாவில் ஜன்னல் திண்டில் மல்லாத்தி வைத்துவிட்டார்கள். எங்கள் தார்சா மேற்கே பார்த்தது. மறுநாள் மாட்டினால் இடது கண்ணில், படம் எங்கே போனாலும் கூடவே வருகிற மாதிரி, கடுகு அளவில் ஒரு மஞ்சள் புள்ளி. துடைத்தார்கள், ஊதினார்கள், என்னிடம் கொண்டுவந்து "லென்ஸ்ல அழுக்கு, எடுத்துக் குடுங்க" என்றார்கள். அழுக்கு இல்லை, பொத்தல். மருமகனிடம் போனில் சொல்ல ஆளாளுக்கு ஒருத்தரைக் கைகாட்டி, கடைசியில் நான்தான் சொன்னேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இவ்வளவுதான். இதை விஷம் என்றும் எழுத வேண்டாம், அதிசயம் என்றும் எழுத வேண்டாம். கிரைண்டர் வாங்கப் போகிறவர்களுக்கு எத்தனை லிட்டர், என்ன மோட்டார், கல் எப்படி என்று எழுதுவீர்களே, அந்த மாதிரி எழுதுங்கள். எந்தப் பெட்டிக்கு எந்த ஹெட்செட், எந்த டிஸ்க் ஓடும், எந்த வயசுக்கு மேல், எவ்வளவு இடம். கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், ஒரே ஒரு செட்டைப் பிரித்துக் கடையில் வைத்து, ஆள் மாற்றும்போது துடைத்து, பத்து நிமிஷம் உட்கார்ந்து மாட்டிப் பார்க்க விட்டால் அவர்கள் சொத்து ஒன்றும் கரைந்துவிடாது. வாங்கப் போகிற யாராக இருந்தாலும், கண்ணாடி போடுகிறவர்களோ இல்லையோ, எங்கள் மாதிரிக் கடைக்குப் போனால் இரண்டு நிமிஷத்தில் பி.டி. அளந்து துண்டுச் சீட்டில் எழுதித் தருவார்கள். நான் காசு வாங்குவதில்லை.

இவ்வளவையும் போட இடம் இருக்காது என்று எனக்கும் தெரியும். வெட்டினால் என் கடைக் கதை, ஊஞ்சல் கதை எல்லாவற்றையும் வெட்டிக்கொள்ளுங்கள். வெயில் பத்தியையும் 12 வயசையும் மட்டும் விட்டுவிடாதீர்கள், பங்குனி பிறந்தாயிற்று, பரீட்சை முடிந்து பிள்ளைகளெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர்,
பாளையங்கோட்டை.